முந்நூற்று எண்பத்தேழாவது இதழ்

நேர்முகத் தேர்வில் அவள் சொன்ன பொய் மிகச் சிறியது. "கல்மேகன் கதையெல்லாம் படிச்சிருக்கீங்களா?" என்று ஆசிரியை கேட்டார். பதினான்கு மாதங்களாக வேலையில்லாமல், பிழைதிருத்துநர் தேவை என்று எங்கே விளம்பரம் வந்தாலும் அந்த அலுவலகத்தின் படியேறி இறங்கி அலுத்துப்போனவள் அவள். வாயைத் திறந்ததும், "சின்ன வயசுலேர்ந்தே படிக்கிறேன் மேடம்" என்று வந்துவிட்டது. ஆசிரியையின் முகம் மலர்ந்தது. அடுத்த திங்கட்கிழமையே வேலையில் சேரச் சொல்லிவிட்டார்.

உண்மையில் கல்மேகனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், பேருந்து நிறுத்தத்துப் பத்திரிகைக் கடையில் தொங்கும் அட்டைப்படம் மட்டும்தான். சாம்பல் நிறத்தில் ஒருவன் இருப்பான். எப்போது பார்த்தாலும் யார் மேலோ கோபமாக இருப்பான். அவன் உடம்பைக் கல்லாகவும் புகையாகவும் மாற்றிக்கொள்ளக் கூடியவன் என்பதே, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள்தான் தெரிந்தது. நாற்பத்தோரு ஆண்டுகளாக மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கும் படக்கதை அது. மொத்தம் நானூற்றுத் தொண்ணூறு இதழ்கள்.

கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் மூன்று அறைகள்தான் அலுவலகம். ஆசிரியை, முதல் இதழிலிருந்து வரைந்துவரும் ஓவியர், நாள் முழுக்கத் தொலைபேசியில் கடைக்காரர்களோடு மல்லுக்கட்டும் விற்பனை அதிகாரி, அப்புறம் இவள். எல்லாரும் இவளைப் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள். எழுத்துப்பிழை பார்க்க முழுக் கதையும் தெரிந்திருக்க வேண்டியதில்லையே என்று இரண்டு வாரம் எப்படியோ தள்ளிவிட்டாள்.

மூன்றாம் வாரத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் விற்பனை அதிகாரி ஆரம்பித்தார்.

"புது ஆளுங்க வர்றாங்க மேடம், வராம இல்ல. அட்டையைப் பார்க்கிறாங்க, கையில எடுக்கிறாங்க. 'இதை எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?'ன்னு கடைக்காரரைக் கேட்கிறாங்க. அவர் முழிக்கிறார். இருந்த இடத்துலேயே வெச்சுட்டுப் போயிடறாங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்னு சொல்லி, இதழ்லேயே ஒரே ஒரு பக்கம் போட்டா என்ன?"

"இதுல என்னய்யா குழப்பம்?" என்றார் ஓவியர். "ஒண்ணுலேர்ந்துதான். வீட்டுக்குள்ள வாசல் வழியா வராம, ஜன்னல் வழியாவா குதிப்பாங்க?"

"ஒண்ணுலேர்ந்து படிச்சா இந்த மாசத்து இதழுக்கு வந்து சேர்றதுக்குள்ள அவங்களுக்குப் பேரன் பிறந்துடுவான். கடைசியா வந்ததுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க."

"கடைசி இதழ்ல அவன் அழறான். எதுக்கு அழறான்னு தெரியாம படிச்சா, பல்வலின்னு நினைப்பாங்க!"

ஆசிரியை இருவரையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இந்தச் சண்டைக்கு ஆறு வயதாகிறது என்பது பிறகுதான் இவளுக்குத் தெரிந்தது. இவள் கெட்ட நேரம், ஆசிரியையின் பார்வை இவள் மேல் வந்து நின்றது.

"நாங்க மூணு பேரும் உள்ளேயே கிடக்கிறவங்க. நீங்கதான் வாசகியா வளர்ந்தவங்க. நீங்களே எழுதுங்க. வெள்ளிக்கிழமை காலையில என் மேசையில இருக்கணும்."

"சரிங்க மேடம்" என்றாள்.

அன்றே பழைய இதழ்கள் அடுக்கியிருக்கும் அறைக்குள் புகுந்தாள். பிழை பார்க்கும் வேலை போக மீதி நேரமெல்லாம் அங்கேதான். போகும்போதும் வரும்போதும் பேருந்தில் பத்துப் பன்னிரண்டு இதழ்கள் பையில் இருந்தன. ஓவியர் பேச்சை மதித்து ஒன்றாம் இதழிலிருந்துதான் தொடங்கினாள். கல்மேகன் குத்துவிடுவதற்கு முன் அரைப் பக்கம் வசனம் பேசினான்; குத்துவிட்ட பின் மீதி அரைப் பக்கம் பேசினான். முப்பத்தாறாம் இதழோடு மூச்சு முட்டியது. எழுபதுக்குத் தாவினாள், தொண்ணூற்றேழில் அவன் செத்துப்போனான். சரி, என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று புரட்டினால், நூற்று மூன்றில் ஒரு விளக்கமும் இல்லாமல் எழுந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள். இருநூற்றுப் பத்தில் இரண்டாவதாக ஒரு தங்கை முளைத்தாள். இருநூற்று நாற்பதில் அந்த இரண்டாமவள் தங்கையே இல்லை என்றார்கள். நோட்டில் கோடு போட்டு, அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டாள். புதன்கிழமை அந்தப் பக்கத்தைப் பார்த்தால், கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. படித்த தனக்கே தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, இதில் அடுத்தவருக்கு வழி சொல்வதாவது!

வியாழக்கிழமை காலை, பேருந்தில் உட்கார்ந்ததும் பைக்குள் கையை விட்டுக் கைக்கு வந்ததை எடுத்தாள். முந்நூற்று எண்பத்தேழு. அட்டையில் ஒரு பாலம் மட்டும்தான். அதன் அடியில் சின்னதாகச் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று.

கதை இதுதான். ஆற்றுப் பாலத்தின் தூண் ஒன்று விரிசல் விடுகிறது. கல்மேகன் உடம்பைக் கல்லாக்கிக்கொண்டு தூணுக்குப் பதிலாகத் தோள் கொடுத்து நிற்கிறான். பொறியாளர்கள் வந்து முட்டுக் கொடுக்கும்வரை அசையக் கூடாது. மேலே ஒரு பேருந்து நிற்கிறது. பயணிகளெல்லாம் இறங்கிப் போய்விட, ஓட்டுநர் மட்டும் வண்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிடுகிறார். கீழே குனிந்து, "யாருங்க அது?" என்கிறார்.

"என்னைத் தெரியாதா?" என்கிறான் கல்மேகன்.

"விடியக்காலையில வண்டி எடுக்கிறவன் நான். வீட்டுக்குப் போனா சாப்பாடு, தூக்கம். எனக்கு யாரைத் தெரியும்?"

அப்புறம் பதினெட்டுப் பக்கம் சண்டையே இல்லை. வில்லன் இல்லை. வேறு வேலையில்லாததால் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுரங்கம் இடிந்து அப்பாவோடு புதைந்த நாளில்தான் இந்த உடம்பு வந்தது என்று அவன் சொல்கிறான். புகையாக மாறும்போதெல்லாம் ஏதாவது ஒரு ஞாபகம் கலைந்துபோகும். அம்மாவின் குரல் இப்போது நினைவில் இல்லை. அதனால்தான் முடிந்தவரை கல்லாகவே இருந்து அடி வாங்குகிறேன் என்கிறான். ஓட்டுநர் தன் முழங்கால் வலியைச் சொல்கிறார். பொறியாளர்கள் வருகிறார்கள். அவ்வளவுதான்.

அவள் நிமிர்ந்து பார்த்தபோது இறங்கவேண்டிய நிறுத்தம் போய், அதற்கடுத்த இரண்டும் போயிருந்தன. திரும்பி நடந்து வருகையில் அவளுக்குப் பொறி தட்டியது. அந்த ஓட்டுநருக்கு ஒன்றுமே தெரியாது. அவருக்குச் சொல்வதுபோல எல்லாவற்றையும் நமக்கும் சொல்லிவிடுகிறார்கள். நாற்பத்தோரு ஆண்டுக் கதையில், ஒன்றும் தெரியாத ஆளுக்கென்று நாற்காலி போட்டு வைத்திருக்கிற ஒரே இடம் இதுதான்.

மாலையில் அந்த இதழைக் கணவனிடம் நீட்டினாள். அவனும் பேருந்து ஓட்டுநர்தான். படக்கதைப் பக்கமே போகாதவன். தேநீரை ஆற வைத்துவிட்டுக் கடைசிப் பக்கம்வரை படித்தான்.

"கை பிரேக் போட்ட மாதிரி ஒரு இடத்துலகூட வரையல" என்றான் முதலில். பிறகு, "ஆமா, தங்கச்சியைப் பத்தி ஏதோ சொல்ல வந்து நிறுத்திட்டானே, அது என்ன?"

"அடுத்ததுல வரும்."

"எங்கே அடுத்தது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே பயமும் வந்தது. பக்கத்தை எழுதிவிடலாம். ஆனால் எந்த முகத்தோடு நீட்டுவது?

"டிக்கெட் எடுக்காம ஏறினவங்க மூஞ்சி எனக்கு முன்னாடி இருக்கிற கண்ணாடியிலேயே தெரியும்" என்றான் அவன். "மூணு வாரமா நீ அந்த மூஞ்சியோடதான் வீட்டுக்கு வர்றே. போய்ச் சொல்லிடு. வேலை போனா பார்த்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை, பக்கத்தை ஆசிரியையின் மேசையில் வைத்தாள். அது இப்படித் தொடங்கியது: 'கல்மேகனை உங்களுக்குத் தெரியாதா? கவலையே வேண்டாம், இந்த ஓட்டுநருக்கும் தெரியாது. முந்நூற்று எண்பத்தேழாவது இதழை எடுத்து, அவர் பக்கத்தில் உட்காருங்கள்.' ஆசிரியை அதை எடுப்பதற்குள், உட்காராமலேயே சொல்லிவிட்டாள்.

"மேடம், நான் சின்ன வயசுலேர்ந்தெல்லாம் படிக்கல. வேலைக்காகச் சொன்ன பொய். இந்தத் திங்கட்கிழமைதான் முதல் இதழையே தொட்டேன்."

ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி, போங்க. மத்தியானத்துக்கு மேல கூப்பிடறேன்" என்றார், குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லாமல்.

அந்த நான்கு மணி நேரம் அவள் வாழ்க்கையிலேயே நீளமானது. ஒரே பத்தியை ஏழு தடவை படித்தாள்; கண் முன்னால் நின்ற பிழையைக்கூடக் கை திருத்தவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, தன்னுடையவை எவை என்று பிரித்து வைத்தாள். சீப்பு ஒன்று, தலைவலித் தைலம் ஒன்று, மேலே போட்டுக்கொள்ளும் கம்பளிச் சட்டை ஒன்று. பையில் போட ஒரு நிமிடம் ஆகாது. ஆசிரியை வழக்கம்போல் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். வழக்கத்துக்கு மாறாக, நடுவில் ஒருமுறை வந்து நேரே பழைய இதழ்கள் அறைக்குப் போய்விட்டுத் திரும்பவும் வெளியே போனார்; மூன்று மணிக்குத்தான் மறுபடி வந்தார். வந்ததும் கூப்பிட்டார்.

"என் அக்கா என்னோடதான் இருக்கா. தையல் வேலை. நான் இருபத்தாறு வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன், என் புத்தகம் ஒண்ணைக்கூட அவ திறந்து பார்த்ததில்ல. 'பொம்மைப் புஸ்தகம்'னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவா. உங்க பக்கத்தையும் அந்த இதழையும் அவ தையல் மெஷின் மேல வெச்சுட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்."

இவள் கண் மேசைமேல் தன் பக்கத்தைத் தேடியது.

"நான் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வர்றேன், மெஷின் சத்தமே இல்ல. 'பாவம்டி அவன், அம்மா குரலை மறந்துட்டானாமே'ங்கிறா. 'அடுத்தது எங்கே?'ங்கிறா. திரும்ப இங்கே வந்து, முந்நூத்தி எண்பத்தெட்டை எடுத்துட்டுப்போய்க் கொடுத்துட்டு வர்றேன். அதான் லேட்டு." ஆசிரியை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "எங்க மூணு பேருக்கும் இது ஏன் தோணல தெரியுமா? தெரியாம இருக்கிறது எப்படி இருக்கும்னே எங்களுக்கு மறந்துபோச்சு."

"அப்போ... வேலை, மேடம்?"

"பொய் சொன்னது தப்புதான். அதுக்குக் கோபம் இன்னும் பாக்கி இருக்கு. அவங்க ரெண்டு பேர்கிட்டேயும் நீங்களே உங்க வாயால சொல்லணும். பக்கம் அடுத்த இதழ்ல போகுது. நாளைக்கு லீவு, திங்கட்கிழமை நேரத்துக்கு வந்துடுங்க."

முதுகில் ஏற்றிவைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கிவிட்டது போலிருந்தது. வெளியே வந்து, சூடு ஆறுவதற்குள் இருவரிடமும் சொல்லிவிட்டாள். விற்பனை அதிகாரி, "நீங்க எப்போ படிச்சா எனக்கென்னம்மா? பக்கம் கிடைச்சுதா, அது போதும்" என்று தொலைபேசிக்குத் திரும்பிவிட்டார். ஓவியர் அப்படி விடவில்லை. தூரிகையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணாம் இதழைப் படிச்சீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"படிச்சேன் சார். வரிசையா முப்பத்தாறு வரைக்கும்."

"எப்படி இருந்தது?"

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினாள். "பேச்சு ஜாஸ்தி சார். ஆனா பன்னிரண்டாவது இதழ்லேர்ந்து படம் திடீர்னு நல்லா ஆயிடுச்சு. அதுவரைக்கும் யாருக்குமே விரல் இல்ல."

ஓவியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "எனக்கு அப்போ விரல் வரைய வராதும்மா! எல்லார் கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்ட வெச்சேன், இல்லேன்னா பாக்கெட்டுக்குள்ள விட்டேன். வில்லனுக்குக்கூடக் கையுறை போட்டுவிட்டேன். நாப்பத்தோரு வருஷத்துல ஒருத்தர்கூட அதைக் கண்டுபிடிக்கல!"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பதினோராவது இதழுக்கும் பன்னிரண்டாவது இதழுக்கும் நடுவில், ஒரு மாதம் முழுக்கத் தன் இடது கையையே பார்த்துப் பார்த்து வரைந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மதியம் தான் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துவந்து அங்கேயே திறந்து வைத்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றை ருசித்து ருசித்துச் சாப்பிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.