வெள்ளைப் பூச்சுக்குள் போன ஆக்சிஜன்

நிக்டியில் எங்கள் கட்டடத்தில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக் கிருஷ்ணப்ரியா ஒரு மாதமாக ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரியாமல் இருக்கலாமா? 2002 மார்ச்சில் ஒரு ஞாயிறு, காபியோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.

மேஜைமேல் விரல் நீளத் தகடுகள். அவற்றின் வெள்ளைப் பூச்சு தோசை ஓரம் மாதிரி எழும்பி நின்றது.

"என்னடி இது, சுண்ணாம்பா?"

"ஜிர்கோனியாக்கா. பீங்கான் வகை. விமான எஞ்சின் சூட்டுலேர்ந்து உலோகத்தைக் காப்பாத்தற பூச்சு. உலையில வெச்சா அடியில துரு மாதிரி ஆக்சைடு தடிச்சு, மேல இருக்கறதைத் தள்ளிடுது. எங்கயோ விரிசல் வழியா காத்து போகுது. அடுத்த தடவையும் உரிஞ்சா என் பிஎச்.டி. தலைப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னுட்டார் கைடு."

நாலு வருஷ ஆராய்ச்சி. பூச்சை இன்னும் தடிமனாகக்கூட அடித்துப் பார்த்தாளாம். அதுவும் உரிந்தது.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் ஒப்பித்தேன். தங்கராஜுக்கு ஆகுர்டியில் கார் உதிரிபாகக் கம்பெனி. என் வம்பைப் பாதிக் காதால் கேட்கிற மனுஷர், ஜிர்கோனியா என்றதும் தட்டை விட்டு எழுந்தார். ஸ்பார்க் பிளக் போல் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். எச்சில் கையோடு!

"அம்மணி, இது கார் புகைக்குழாயில மாட்டற ஆக்சிஜன் சென்ஸாருங்க. உள்ளார இருக்கறது உங்க ஜிர்கோனியாதான். விரிசலே கிடையாது. சூடேறினா ஆக்சிஜன் அதுக்குள்ளயே பூந்து போகும். போகலைன்னா இது வேலையே செய்யாதுங்க."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அணுக்களுக்கு நடுவுல காலி இடம் இருக்கு, ஆக்சிஜன் அது வழியா தாவித் தாவிப் போகும்னு பரீட்சையிலயே எழுதியிருக்கேன் அண்ணா!"

"சுவருன்னு நம்பி ஜன்னலையா பூசிண்டிருந்தே?" என்றேன். வாய் சும்மா இருக்குமா?

விரிசல் வேட்டை நின்றது. உலோகத்தின்மேல் முதலில் அலுமினா என்கிற இன்னொரு பீங்கான் வகையை மெல்லிய படலமாக வளரவிட்டு, அதன்மேல் ஜிர்கோனியா அடித்தாள். அலுமினாவுக்குள் ஆக்சிஜன் நகர்வது மகா மந்தமாம்.

உலை திறந்த நாளில், பால்கனியில் ஒரே துண்டை நாலு தடவை உதறிக்கொண்டு நின்றேன். அவள் ஸ்கூட்டி வந்தது.

"கைடு என்னடி சொன்னார்?"

"தலைப்பு எனக்கேதான்க்கா!"

அவள் கையிலிருந்த தகட்டைப் பிடுங்கி நகத்தால் சுரண்டினேன். ஒரு பொட்டும் வரவில்லை.

"மெதுவாக்கா! நாளைக்கு மறுபடி உலையில வைக்கணும். எத்தனை நாள் தாங்குதுன்னு தெரிய வேணாமா?"