யோகலட்சுமியின் முப்பதாவது நாள்

என் தங்கை யோகலட்சுமி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் அச்சகத்தில் நைட் ஷிப்ட் வேலையை விட்டிருந்தேன். வீட்டில் இருந்தவரை உச்சி வெயில், நடுச்சாமம் என்று பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு, வற்றிக் கிடந்த ஆமத்தூர் கண்மாய்க்குள் நடந்துபோவாள். வெடித்த தரையில் காது வைத்துப் படுத்திருப்பாள். அடியில் தண்ணீர் பேசுகிறது என்பாள். பட்டாசுக் கம்பெனியில் அவளுக்குத் திரி வைக்கிற வேலை. விரலில் ஒட்டிய வெள்ளிப் பொடி மீன் செதில் மாதிரி மின்னும். ஆறு நாள் சோறு தின்னாமல் கிடந்தபோது மனநல வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தனக்காகக் கையெழுத்துப் போடுகிற ஆளாக அவள் முன்பே என் பெயரைத்தான் கொடுத்திருந்தாள்.

முப்பதாவது நாள் டாக்டர் ருக்சானா என்னைக் கூப்பிட்டார். விருதுநகர் வெயில் ஜன்னல் திரை வழியாக வடிந்து மேசை மேல் பால் போலக் கிடந்தது. யோகலட்சுமி சாப்பிடுகிறாள், குளிக்கிறாள், மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள், வீட்டுக்குப் போகணும் என்கிறாள். முப்பது நாளுக்கு மேல் அவள் சம்மதம் இல்லாமல் வைத்திருக்கச் சட்டம் விடாது என்றார். தனக்கோ அடுத்தவருக்கோ அவளால் ஆபத்து என்றால்தான் நீட்டிக்கலாம். அதற்கும் இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டும், மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்னொரு மாதம் தூங்கலாமே என்று தோன்றியது. வாய் தானாகச் சொன்னது. சேர்ப்பதற்கு முந்தின வாரம் அவள் கம்பெனிக்குள் தீப்பெட்டி கொண்டுபோனாள், வெடிமருந்துப் பக்கம் நின்று உரசப் பார்த்தாள் என்று.

டாக்டர் தாளும் பேனாவும் தந்தார். "இங்கன எழுதிக் குடுங்க. தங்கச்சிகிட்டயும் கேக்கணும்."

எழுதினேன். யாரோ கனவில் எழுதுவதை நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போல இருந்தது.

யோகலட்சுமி தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு வந்தாள். டாக்டர் படித்துக் காட்டினார். எங்கள் பக்கம் தீப்பெட்டியோடு பிடிபட்ட ஆளை எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. பெயர் சாத்தூர் வரைக்கும் போய்விடும். இது தெரியாதவன் இல்லை நான்.

"அண்ணே, சோறு திங்கலேன்னு எழுது," என்றாள். "கண்மாயில கெடந்தேன்னு எழுது, நெசந்தான். தீப்பெட்டின்னு எழுதாத. அந்த ஷெட்டுல என்கூட பதினோரு பேர் இருக்காக."

அவள் குரல் உயரவில்லை. தாளைத் திரும்ப வாங்கிக் குறுக்கே கோடு போட்டேன். அடியில் பொய் என்று எழுதி, அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. மாத்திரைச் சீட்டு எழுதினார், இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். கிளம்பும்போது யோகலட்சுமி, கையெழுத்துப் போடுகிற ஆளை மாற்றலாமா என்று கேட்டாள். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றார் டாக்டர். அவள் குல்சார் பேகம் என்று எழுதினாள். கம்பெனி ஷெட்டில் இவளுக்கு அடுத்து உட்கார்ந்து திரி வைக்கிறவள்.

வராந்தாவில் கேட்டேன், அந்தப் பிள்ளை ஒத்துக்கொள்ளுமா என்று.

"போன வாரம் பாக்க வந்தப்பவே கேட்டுட்டேன்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீ நல்லாத் தூங்கியிருக்கண்ணே. கன்னம் வச்சிருக்கு."

பையைத் தூக்கக் கை நீட்டினேன். தரவில்லை.