விட்டுக்கொடுத்த பந்து

எத்தனையோ வாய்களுக்குள் பதறாமல் வேலை செய்த பல் மருத்துவரின் கை, அன்று சம்பந்தியின் ஊர்க் கோல்ஃப் மைதானத்தில் குறி தவறிக்கொண்டே இருந்தது. மகளைக் கொடுத்த இடம். வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. வரும்போதெல்லாம் பேச்சில் தோற்றுத் திரும்பி, அன்றுதான் முதன்முதலாக இங்கே ஆடவந்தவருக்கு, சம்பந்தியை அவருடைய மண்ணிலேயே ஒருமுறை வென்றுவிட வேண்டும் என்னும் வேட்கை மட்டும் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தது.

மருத்துவரின் ஊரில் ஈரமண். பந்து விழுந்த இடத்தில் விழுந்தபடி கிடக்கும். இங்கோ, மழை காணாத தரை கல்லாய் இறுகியிருந்தது. குழிகளைச் சுற்றியிருந்த புல்லை மழித்து, மெழுகிவிட்டாற்போல் வைத்திருந்தார்கள். போதாததற்குக் கடற்காற்று. நிற்க வேண்டிய பந்து ஓடியது. ஓடிய பந்து புதரில் ஒளிந்தது. அவர் அடித்து முடித்த பிறகே, சம்பந்தி ஒவ்வொரு முறையும் அன்பொழுக அருகில் வருவார்.

“சொல்லலாம்னு நெனச்சேன் சம்பந்தி. இங்க தரை வேற.”

“இப்பத்தான் தெரிஞ்சுது.”

“காத்தும் வேற.”

“அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!”

“நீங்க குறி பாத்துட்டிருந்தீங்க. தொந்தரவு பண்ணக் கூடாதில்ல?”

மருத்துவர் பல்லைக் கடித்தார். பிறர் அப்படிக் கடித்தால் கண்டிப்பவர் அவர்.

தட்டுத் தடுமாறிக் கடைசிக் குழிவரை சமநிலையில் வந்துவிட்டார். சம்பந்தி ஆடி முடித்தாயிற்று. மருத்துவரின் பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இந்த ஒரு தட்டில் உள்ளே போனால் வெற்றி அவருக்கு. மூச்சை அடக்கிக் குனிந்தார்.

“விடுங்க சம்பந்தி” என்றது பின்னாலிருந்து அந்தக் குரல். “உள்ள போனதாவே வச்சுக்குவோம். எங்க புல்லு உங்களுக்குப் பிடிபடாது. பாவம், எவ்வளவு நேரந்தான் குனிவீங்க?”

பாவமா? காலைமுதல் விழுங்கிய எரிச்சலெல்லாம் ஒருசேரத் தொண்டைக்கு ஏறியது.

“உங்க தயவு ஒண்ணும் எனக்கு வேண்டாம்!”

தட்டினார். பந்து குழியின் விளிம்பை வலம்வந்து, சரிவில் இறங்கி, உருண்டு உருண்டு மணற்பள்ளத்தில் போய் அடங்கியது.

பார்த்துக்கொண்டிருந்த மன்றச் செயலாளர் ஓடிவந்தார். “அது கணக்கில வராது சார். எதிராளி விட்டுக்கொடுத்தா கொடுத்ததுதான். வேண்டாம்னு மறுக்க விதியில இடமில்ல. ஜெயிச்சது நீங்கதான்.”

சம்பந்தி மருத்துவரைக் கட்டிக்கொண்டார். “பாத்தீங்களா! நான்தான் சொன்னேனே!”

இத்தனை காலம் வேண்டிய வரம் இப்படிப் பிச்சையாய்க் கையில் விழும் என்று மருத்துவர் எண்ணியதில்லை. பந்தை எடுக்க மணலில் கால்வைத்தார். கணுக்கால்வரை புதைந்தது.

மேலிருந்து அன்பான குரல் கேட்டது.

“சொல்லலாம்னு நெனச்சேன் சம்பந்தி. மணலும் இங்க வேற.”