இலையில் இருப்பவனை எழுப்பாதீர்கள்

சயாமிலிருந்து தப்பி அம்மாசி சிடாம் கிரித் தோட்டத்துக்குத் திரும்பியபோது, தோட்ட ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாக் கதவுகளும் சாத்திக்கொண்டன. ஞானப்பூவின் கதவு மட்டும் திறந்திருந்தது. அவனுக்காகத் திறந்து வைத்ததல்ல. கீல் உடைந்து வெகுநாளாகியிருந்தது.

சயாம் எல்லையை ஒட்டிய பாலிங் பக்கத்துக் காட்டு வழியாக நடந்தே வந்திருந்தான். முழங்கால்வரை புண். அதன் வாடை அவனுக்கு முன்னால் வந்து நின்றது.

ஞானப்பூ அவனை நெடுநேரம் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவன் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் சில்லறைக் கங்காணியாக இருந்த காலத்தில், சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் ஏற்ற ஜப்பான்காரனின் லாரி வந்த ஒரு காலையில், அவள் கணவன் தாவீதைக் கைகாட்டியவன் அவன்தான். பின்னர் வந்த லாரிக்கு ஆள் குறைந்தபோது அவனையே ஏற்றிவிட்டார்கள்.

"எம் புருஷன்?" என்றாள்.

"கொஞ்ச நாள் பாத்தேன். அப்புறம் பாக்கல."

அவள் எழுந்து, மூலையிலிருந்த மண்பானையை அடுப்படிக்கு எடுத்து வந்தாள்.

அது பிடி அரிசிப் பானை. உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடியைக் கடவுளுக்கென்று எடுத்து வைப்பது அவள் தாய் வீட்டிலிருந்து வந்த வழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்தும் உபதேசியார் வந்து வாங்கிப்போவார். ஜப்பான்காரன் வந்தபின் உபதேசியார் வரவில்லை. ஜெபம் நடந்த கோயிலில் உப்பு மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. பங்கீட்டு அரிசி குறையக் குறையக் கைப்பிடியும் சுருங்கியது. மரவள்ளியை மட்டுமே அவித்துத் தின்ற நாட்களிலும் அந்தப் பானையில் அவள் கைவைத்ததில்லை.

அடுத்த வீட்டு மருதம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்டி, ஒனக்குப் பைத்தியமா? ஒந் தாலிய அறுத்தவனுக்கு ஒஞ் சாமி அரிசிய ஆக்கிப் போடுற?"

"சாமி அரிசிதானேக்கா. எனக்குன்னா ஆக்கியிருக்க மாட்டேன்."

சோறு வந்ததும் அம்மாசி இலையைத் தொடவில்லை. "தங்கச்சி, இதத் தின்னா ஒங்க வேதத்துல சேரணுமா? உசுரோட வந்தா மாரியாயிக்குத் தீச்சட்டி எடுக்கிறதா நேந்திருக்கேன்."

"எடுங்க. அதுக்குக் கால் வேணும். கால் தேறச் சோறு வேணும். சாப்பிடுங்க."

"அப்ப, என்னய மன்னிச்சிட்டியா?"

அவள் தன்னையே துருவிப் பார்த்தாள். அங்கே மன்னிப்பு என்று சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை.

"இல்ல. மன்னிச்ச பெறகுதான் சோறு போடணும்னு எங்க வேதத்துல எங்கயும் சொல்லல."

வேப்பிலை வேகவைத்த நீரில் தினமும் அவன் புண்ணைக் கழுவினாள். சயாமிலிருந்து ஓடிவந்தவர்களைப் பிடித்துத் திரும்ப அனுப்ப வேண்டும் என்று ஆட்களைக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் தோட்ட எழுத்தரான கிராணி சீனிவாசகம் அறிவித்தபோது லயமே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் நேராக நின்றாள்.

அன்று உச்சிவெயிலில் கிராணி காவல்காரனோடு வந்து சேர்ந்தார். அம்மாசி அப்போதுதான் முதல் வாய் எடுத்திருந்தான்.

"டேய், எந்திரி. லாரி ஆபீசு முன்னால நிக்குது."

அம்மாசி கையை ஊன்றினான். ஞானப்பூ வாசலை மறித்துக்கொண்டாள்.

"எலையில இருக்கிறவர எழுப்பாதீங்க ஐயா."

கிராணி வாசல்படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தவனைப் பாதியில் எழுப்புவது, அவன் எதிரியே ஆனாலும், பெரும் பாவம். லயத்திலும் சரி, கிராணி வீட்டிலும் சரி, இது ஒன்றுதான். ஜப்பான்காரனுக்குப் பயந்து அவர் என்னென்னவோ செய்திருந்தார். இதை இன்னும் செய்யவில்லை.

"சரி, சீக்கிரம் தின்னு முடிக்கட்டும்."

அம்மாசி முடிக்கும் நேரத்தில் அவள் மறுபடி ஓர் அகப்பை போட்டாள்.

"போதும் தங்கச்சி."

"கை கழுவினா லாரிதான். மெதுவாத் தின்னுங்க." இதை அவள் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை.

கிராணியின் முகம் கறுத்தது. "வெளையாடாத ஞானப்பூ. ஆளு கொறைஞ்சா எனக்குத்தான் அறை விழும்லா! அவனுக்குப் பதிலா ஒன்ன ஏத்தவா?"

"ஏத்துங்க. விருந்தாளி சாப்பிட்டு எந்திரிக்கட்டும், சட்டியக் கழுவிக் கவுத்துட்டு வர்றேன்."

பிறகு அகப்பை சட்டியின் அடியைச் சுரண்டியது. வாசலில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. இலையில் இன்னும் இரண்டு கவளம்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் ஞானப்பூவுக்குத் தன் பயம் முதன்முறையாகத் தெரிந்தது. இருந்தும் அவள் வாசலை விட்டு நகரவில்லை.

மருதம்மாள் ஒரு தட்டு அவித்த மரவள்ளியோடு கிராணியை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இவனுக்காக இல்லடி. நீ லாரியில போயிட்டா எனக்குச் சண்ட போட ஆளு யாரு?"

இலையில் கிழங்கைக் கொட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கீரை வந்தது. எங்கிருந்தோ கருவாட்டுத் துண்டு ஒன்று வந்தது. அம்மாசி கிள்ளிக் கிள்ளித் தின்றான். கண்ணீர் இலையில் விழுந்தது.

"அழுதுக்கிட்டே தின்னாலும் தின்னுறதுதான். நிறுத்தாத," என்றாள் மருதம்மாள்.

ஆபீசுப் பக்கமிருந்து லாரி ஊதியது. மறுபடி ஊதியது. காவல்காரன் கிராணியைப் பார்த்தான். கிராணி கழுத்தைத் துடைத்துக்கொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் லாரி முனகிக்கொண்டு சாலையில் ஏறிப் போகும் சத்தம் கேட்டது.

"நாளைக்கும் வரும்," என்றார் கிராணி.

"வரட்டும். நாளைக்கும் பசிக்கும்."

ஞானப்பூ இன்னோர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். ஒரு துண்டுக் கிழங்கை வைத்தாள். "நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க ஐயா."

கிராணி சிரித்தார். அது சிரிப்பாகவே இல்லை. "நான் ஒக்காந்தா என்னையும் யாரும் எழுப்ப முடியாதா?"

"இந்த வீட்டுக்குள்ள முடியாது."

அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். ஆபீசிலிருந்து ஜப்பான்காரனின் விசில் சத்தம் கேட்டது. அது அவருக்கானது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அடி வாங்கப் போகிறவரைப் போல மெல்ல நடந்தார்.

அவர் போன பிறகும் ஞானப்பூ அந்த இலையை மடிக்கவில்லை.