கூடத்துல பெஞ்ச மழை

எங்க ஊட்டுக் கூடத்துல ஒரு கடல் இருக்குது. சிரிக்காதீங்க. கண்ணாடித் தொட்டிதான், நீல வெளக்குதான். ஆனா உள்ள இருக்கறது உப்புத் தண்ணி, உசுரோட பவளம், ரெண்டு ஆரஞ்சு மீனு. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து மீன் ஏலத்துல செத்த மீனுக்காகத் தொண்டை கிழியக் கத்திட்டு உழவர்கரைக்குத் திரும்பி வருவேன். கதவத் தொறந்த ஒடனே அந்த நீலம் மூஞ்சில வுழும். செருப்பக் கழட்டறதுக்குள்ள என் கோவம் பாதி கரைஞ்சிடும். மீதி என் ஊட்டுக்காரருக்கு.

அவரு பேரு குமாரவேல். விசைப்படகுல போய்க்குனு இருந்தவரு. ஒரு நாளு வலை இழுக்கற கயிறு அறுந்து இடுப்புல அடிச்சிச்சி. இனிமே கடலுக்குப் போவக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அன்னிக்குச் செவுத்தப் பாத்துப் படுத்தவருதான். சோறு போட்டா தின்னுவாரு, பேசுனா ம் கொட்டுவாரு. பீச்சுக்குக் கூட்டிக்குனு போறேன்னு ஒரு தடவ கெஞ்சினேன். கரையில நின்னு வேடிக்க பாக்கறதுக்கான்னு கேட்டாரு. அதுக்கப்பறம் எங்க ஊட்டுல கடலப் பத்தி யாரும் பேசல.

அடுத்த தெருவுல தொமினிக் முசே இருந்தாரு, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கறவரு. மகளோட இருக்கப் பிரான்சுக்குக் கெளம்பச்சொல்ல இந்தத் தொட்டிய எங்களுக்குக் குடுத்துட்டுப் போனாரு. எனக்கு எரிச்சலா இருந்திச்சி, சக்களத்தி வந்து நடுக்கூடத்துல குந்திக்கின மாதிரி. ஆனா பாருங்க, மனுசன் செவுத்த வுட்டு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாரு. உப்பு எவ்ளோன்னு காட்டற சின்னக் குழாய வெளிச்சத்துக்கு நேரா கண்ணுல வச்சிப் பாப்பாரு. பவளம் வளர சுண்ணாம்புச் சத்து சொட்டு சொட்டா வுடுவாரு. காலையில வெளக்கப் போட்டதும் அந்த ரோஸ் பவளம், தூங்கி எழுந்த கொழந்த வெரல விரிக்கறாப்ல, ஒவ்வொண்ணா விரிக்கும். "ரஞ்சிதம், பூத்துச்சி வா"ன்னு கூப்புடுவாரு. அந்தக் கொரலு திரும்பி வந்ததுக்காக நான் இன்னும் பத்து சக்களத்தியக்கூட வச்சிக்குவேன்.

போன மாசம் இடுப்பு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில சேத்தோம். போவச்சொல்ல ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. தொட்டியில தண்ணி கொறைஞ்சா மூலையில இருக்கற கேனுலருந்து கோடு வரைக்கும் ஊத்தணுமாம். நானும் தலையாட்டினேன். ஊட்டுக்கு வந்து கேனத் தொறந்து நாக்குல வச்சிப் பாக்கறேன், நல்ல தண்ணி. கடலுக்குப் போற போட்டுல எங்க ஆளுங்க நல்ல தண்ணிய உசுரு மாதிரி பொத்தி வச்சிக் குடிப்பாங்க. அதப் போயி கடல்ல எவன் ஊத்துவான்? ஆழத்துத் தண்ணி எடுத்தார ஆளு இல்லாம, வாயத் தொறந்து கேக்கவும் மனசு இல்லாம, மனுசன் இத்த ஊத்திக்குனு இருக்காருன்னு நெனச்சிட்டேன். நெனச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சி.

என் தம்பி சக்கரபாணி இன்னும் போட்டுக்குப் போறவன். முகத்துவாரத்துச் சேத்துத் தண்ணி வாணாம், தூரமாப் போய் நீலமா இருக்கற எடத்துல மொண்டுக்குனு வாடான்னு அவங்கிட்ட சொன்னேன். கேனு கேனா கொண்டாந்து வச்சான். தெனமும் கோடு வரைக்கும் ஊத்தினேன். அவரு கடல அவருக்கே கொண்டாந்து குடுத்த மாதிரி, அப்பிடி ஒரு பெருமை எனக்கு.

பவளம் வெரல மடக்கிக்கிச்சி. தூங்குதுன்னு வுட்டேன். மறுநாளும் மடக்கியே இருந்திச்சி. இன்னும் கடலு கேக்குதாட்டம் இருக்குதுன்னு கோட்டுக்கு மேலயே ஊத்தினேன். மீனுங்க கல்லுக்குப் பின்னால போய் ஒளிஞ்சிக்கிச்சி. பவளம் போனாப் போவுது, மனுசன் மறுபடியும் செவுத்துப் பக்கம் திரும்பிட்டா நான் இன்னா பண்ணுவேன்? ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனப்ப, பூத்துச்சான்னு கேட்டாரு. பூத்துச்சின்னு சொல்லிட்டு வெளிய வந்து அழுதேன்.

அன்னிக்கு மத்தியானம் சன்னல சாத்திட்டு தொட்டி முன்னால படுத்தேன். நீல வெளிச்சம் செவுத்துல ஆடிக்குனு இருந்திச்சி. தொட்டி மோட்டாரு, தூரத்துல போற போட்டாட்டம் முனகிச்சி. கண்ணு சொருவிச்சி. நானே தண்ணியாயிட்ட மாதிரி, லேசா, மேல மேல போறேன். கனமா இருந்ததெல்லாம் கீழயே நிக்குது. கண்ணத் தொறந்தா, தொட்டி விளிம்புல வெள்ளையா படிஞ்சிருக்குது. வெரலால தொட்டு நக்கினேன். உப்பு. வெயில்ல காஞ்ச போட்டுப் பலகையில படியுமே, அதே உப்பு.

அடி மடச்சின்னு தலையில அடிச்சிக்கினேன். ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான், உப்பு எங்கயும் போவல. அதுக்கு மேல நான் உப்பா கொட்டிக்குனு இருந்திருக்கறேன். கடலுகிட்டருந்து மேகம் எடுக்கறதும் நல்ல தண்ணி, திருப்பிப் பெய்யறதும் நல்ல தண்ணி. இத்தினி வருசம் கடலோட பொழச்சிட்டு, அதும்மேல மழ பெய்யறத மறந்துட்டேன் பாருங்க.

ஒரேயடியா மாத்துனா உசுரு தாங்காதுன்னு அவரு சொல்வாரு. அதனால உப்புத் தண்ணிய ஒரு சொம்பு எடுக்கறது, நல்ல தண்ணியக் கையில அள்ளி வெரலு சந்துல வழிய வுடறது. ஏலத்துக்குக்கூடப் போவாம அதே வேலையா இருந்தேன்.

அவரு வாக்கர ஊணிக்குனு ஊட்டுக்கு வந்தாரு. நேரா தொட்டிகிட்ட போனாரு. பவளம் பாதி வெரலுதான் தொறந்திருந்திச்சி. குழாய எடுத்துக் கண்ணுல வச்சாரு. மூலையில மீதி இருந்த கேனப் பாத்தாரு. எனக்கு மறைக்கத் தெரியல, எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டுவாருன்னு நின்னேன். திட்டல. செவுத்தப் பாத்துத் திரும்பினாரு.

"அந்தத் தண்ணி எங்க மொண்டது?"ன்னு கேட்டாரு.

"கரை தெரியாத எடத்துல"ன்னேன்.

கேனு பக்கம் திரும்பிப் பாத்தாரு. அப்பறம், மீதித் தண்ணிய அகலமான அலுமினிய அன்னக்கூடையில ஊத்தி எடுத்தாரச் சொன்னாரு. நாற்காலியில சாஞ்சி குந்திக்குனு, ரெண்டு காலையும் அதுல வச்சாரு. கண்ண மூடிக்கினாரு. நான் தொட்டிப் பக்கம் திரும்பி, பழையபடி நல்ல தண்ணிய அள்ளி வெரலு வழியா வுட்டேன். கூடம் பூரா சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டுச்சி.

கண்ணத் தொறக்காமயே, மழ புடிச்சிக்கிச்சான்னு கேட்டாரு. ஆமான்னேன். கன்னத்துல தண்ணி வழியுது, மனுசன் தொடைக்கவே இல்ல. காலு ரெண்டும் மெதுவா ஆடிக்குனே இருந்திச்சி.

"சக்கரபாணிய இன்னொரு கேனு எடுத்தாரச் சொல்லு ரஞ்சிதம்"ன்னாரு. "தொட்டிக்கு இல்ல. எனக்கு."