ஷெர்வின் வீட்டு சர்வர்

எங்கள் வீட்டுக்காரருக்கு வாய் ஒடுக்கம், விரல் நீளம். நேரில் கேட்டால் "ம்" என்பதோடு சரி. போனைக் கையில் எடுத்தால் கதாகாலட்சேபமே நடத்துவார். பேர் கிருபாசங்கர். பெரியநாயக்கன்பாளையத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

எங்கள் மகள் ரித்திகாவுக்கு நாலு வயசிலேயே சர்க்கரை வந்துவிட்டது. தினமும் இன்சுலின் ஊசி. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற கோயமுத்தூர்க்காரர்கள் பேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருந்தோம். "பாப்பாவுக்கு சுகர் இறங்கிப்போச்சு" என்று காலையில் எழுதினால், மதியத்துக்குள் பாகற்காய்ப் பொடிக்காரன் முதல் மந்திரத் தாயத்துக்காரன் வரை விளம்பரமாக வந்து நிற்பான். அதைக்கூடப் பொறுத்தோம். ஒரு அம்மா மனசு வெந்து எழுதியதை எவனோ படம் பிடித்து அவள் புகுந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டான். உன் வம்சத்து நோய்தான் என்று அவளைப் போட்டு வறுத்தெடுத்தார்கள். அதோடு போதும் என்றாகிவிட்டது.

அப்போதுதான் ஷெர்வின் முன்வந்தார். துடியலூரில் வீடு, ஐடி கம்பெனியில் வேலை, அவர் மகளுக்கும் இதே நோய். வீட்டு மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, அதையே சர்வராக்கி, எங்களுக்கென்று தனியாக ஒரு இடம் திறந்துவிட்டார். இந்த மாதிரி சின்னச் சின்ன இடங்கள் உலகம் முழுக்க உண்டாம். ஒன்றுக்கொன்று போக்குவரத்து உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு முதலாளி கிடையாது. விளம்பரமும் கிடையாது. குழுவே மூட்டை கட்டிக்கொண்டு அங்கே குடிபோனது.

சேரும்போதே ஷெர்வின் ஒன்றைப் படித்துப் படித்துச் சொன்னார். இங்கே தனியாக ஒருவருக்கு எழுதினாலும், நடுவில் இன்னொருவர் பேருக்கு முன்னால் '@' போட்டால் அது அவருக்கும் போய்விடும். பழைய இடத்து ஞாபகத்தில் இருந்துவிடாதீர்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் நமக்கென்ன குறைச்சல்.

அவர் மனைவி ஷைலா எனக்கு உயிர்த்தோழி ஆனாள். டாக்டரிடம் காத்திருந்த ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஷெர்வினுக்கு வேலை போய்விட்டது என்றாள். சர்ச்சில் யாருக்கும் தெரியாது, அவரைப் பெற்றவர்களுக்கே தெரியாது. என்னிடம் சொன்னது தெரிந்தால் மனிதர் ஒடிந்துபோவார் என்று அழுதாள். என் மகள் மேல் ஆணையாக யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். அன்று சாயங்காலமே தோசை ஊற்றிக்கொண்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். புருஷனிடம் சொல்வது வெளியில் சொல்வதாகுமா என்று எனக்கு நானே நியாயமும் வைத்துக்கொண்டேன்.

போன புதன்கிழமை துடியலூரில் கரண்ட் போய் சர்வர் பாதி நாள் படுத்துவிட்டது. கரண்ட் வந்ததும் எங்கள் வீட்டுக்காரருக்கு விரல் அரித்திருக்கிறது. மத்தியானம் சாப்பிட வந்தவர் சோற்றில் கை வைக்காமல் போனை என்னிடம் நீட்டினார். முகம் செத்துக் கிடந்தது. எங்கள் குழுவில் இருக்கும் அவிநாசி சபரீஷுக்கு மட்டும் என்று எழுதியது அது.

"@ஷெர்வின் அவருக்கு வேலை போயி ரெண்டு மாசமாச்சுங்க. அவங்க ஊட்டம்மா எங்க ஊட்ல சொல்லி அழுதுச்சாம். வேலை இல்லாத மனுசன் இந்த சர்வரை எத்தனை நாளைக்கு ஓட்டப்போறாரு? நாம பழைய எடத்துக்கே போயிர்லாமுங்க."

ஷெர்வினை வெறும் பேராக எழுதுவது மரியாதைக் குறைவாம். அதனால் குழுவில் கூப்பிடுகிற மாதிரியே '@' போட்டுப் பேரை எழுதியிருக்கிறார். உடனே அழித்தும் இருக்கிறார். ஆனால் அதற்குள் ஷெர்வினிடமிருந்து ஒரே வரி வந்துவிட்டது: "பாத்துட்டேனுங்ணா."

"உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?" என்று ஆரம்பித்தேன். அரை மணி நேரம் ஓயவில்லை. அவர் குனிந்த தலை நிமிராமல் இருந்துவிட்டு, "நீ எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாமே அம்மணி" என்றார். பேஸ்புக்காரன் நம் ரகசியத்தை விற்கிறான் என்று ஊரெல்லாம் பேசியவள் நான். அவனாவது காசுக்கு விற்றான். நான் தோசைக் கல்லடியில் சும்மாவே கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சுக்குப் போய்வந்த நேரம் பார்த்து, ஒரு சீப்பு நேந்திரம் பழம் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். ஷைலா அடுப்படியில் இருந்தாள். ஷெர்வின் வாசலிலேயே எங்களை நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். நாலு நாளில் ஆள் இளைத்திருந்தார்.

"அதைப் பத்தி ஒண்ணும் பேச வேண்டாமுங்க்கா. சபரீஷ்கிட்ட நான் பேசிக்கிட்டேன், அவரு வெளிய சொல்லமாட்டாரு. ஷைலாவுக்கு இது தெரியாதுங்க. தெரியவும் வேண்டாம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ மனசு விட்டுப் பேசறதுக்கு உங்களை விட்டா ஆளில்லீங்க்கா. எங்கிட்டக்கூட அழமாட்டா. அந்த ஒரு எடத்தையும் நான் எதுக்குங்க கெடுக்கோணும்?"

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இதை வாங்கிக்கொள்ள என்னிடம் முகம் இல்லை. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். கூசிப்போய் உள்ளே போனோம்.

ஷைலா என்னைப் பார்த்ததும் மலர்ந்து, அடுப்படிக்கு இழுத்துப் போனாள். மிக்ஸியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் என் காதருகே வந்தாள். புதன்கிழமையிலிருந்து ஷெர்வின் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, என்னவென்று கேட்டால் சிரித்து மழுப்புகிறார் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்குப் பயமா இருக்குது புவனா. ஆம்பளைக்கு ஆம்பளை சொல்லுவாங்கல்ல? கிருபாண்ணனை விட்டு என்னன்னு பக்குவமா கேக்கச் சொல்றியா?"

அவளிடம் உண்மையைச் சொன்னால், ஷெர்வின் கேட்ட ஒரே ஒரு விஷயத்தையும் உடைத்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் இப்படியே அவள் முன்னால் நிற்க வேண்டும். அவள் என் பதிலுக்காக மிக்ஸியை நிறுத்தினாள்.

"சரி, கேக்கச் சொல்றேன்" என்றேன். ஷைலா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்றாள்.