சங்கரன்கோவிலில் விழுந்த பந்து

ஸ்காட்லாந்தில் அலஸ்டேர் மக்ரே என்ற கோல்ஃப் ஆசிரியர் அடித்த பந்து, ஓராண்டுக்கு மேல் வானத்தில் இருந்துவிட்டு, 2018 பங்குனியில் சங்கரன்கோவில் மார்க்கெட்டில் ஞானபூரணத்தின் எலுமிச்சைக் கூடைக்குள் விழுந்தது. பந்தில் மக்ரேயின் பெயர் இருந்தது. ஞானபூரணத்தின் தம்பி அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட, படம் நாலு தேசம் சுற்றி அவரிடம் போய்ச் சேர்ந்தது. வைகாசியில் மட்டைப் பையோடு அவரே வந்து இறங்கினார். பந்து கிடக்கும் இடத்திலிருந்துதான் அடுத்த அடியை அடிக்க வேண்டும், அது ஆட்டத்தின் சட்டம் என்றார்.

"அடிச்சுக்கிடுங்க. என் பழத்துல மட்டும் படக் கூடாது," என்றாள் ஞானபூரணம்.

படவில்லை. பந்து இரண்டு தெருக்களைத் தாண்டி, வறண்ட குளத்துக்குள் போய் உட்கார்ந்தது.

அடுத்த அடிக்குக் காற்று சரியாகட்டும் என்று காத்திருந்த மக்ரே, சும்மா இருக்க முடியாமல் குளத்துக்குள்ளேயே பாடம் எடுக்க ஆரம்பித்தார். முதலில் ஆட்டோ ஓட்டும் பேச்சிராஜா வந்தார். பிறகு தறிக்காரர்கள், டீச்சர்கள், ஒரு பல் டாக்டர். "தலையத் தூக்காதேயும் வே" என்று மாணவர்களை அதட்டும் தமிழை மக்ரே பேச்சிராஜாவிடம்தான் படித்தார். நாலு வருஷம் காற்று சரியாகவில்லை. அதற்குள் ஞானபூரணத்துக்கும் அவருக்கும் சர்ச்சில் கல்யாணம் நடந்து, ஊரே பிரியாணி சாப்பிட்டது.

அப்புறம் ஸ்காட்லாந்திலிருந்து மக்ரேயின் அக்கா போனில் கூப்பிட்டாள். பந்து கடைசியில் விழ வேண்டிய குழியில் நட்ட கொடிக்கம்பை இன்னும் எடுக்கவில்லை, வந்து ஆட்டத்தை முடி என்றாள். மக்ரேவுக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்குப் போகவும் ஆசை, இங்கிருந்து கிளம்பவும் மனசில்லை. ஒரு பந்தை இருவர் ஆடினால் மாறி மாறி அடிக்க வேண்டும் என்று அவரே வகுப்பில் சொல்லியிருந்தார். போன அடி அவருடையது. ஆகவே ஞானபூரணம் மட்டையை வாங்கிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் அடிக்கணும்?"

கோல்ஃப் விஷயத்தில் அவர் பொய் சொன்னதே கிடையாது. வடமேற்கே, மலைக்கு மேலே கை காட்டினார். ஞானபூரணம் அந்தப் பக்கம் நன்றாகப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்று, எதிர்ப்பக்கம் ஓங்கி அடித்தாள்.

"தலையத் தூக்கிட்டனா?"

"இல்ல," என்றார் மக்ரே. அவர் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "அருமையான அடி."

ஆட்டம் முடிய இன்னும் சில வருஷம் ஆகும் என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை இருவரும் பனவடலிசத்திரத்துக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே சிவனாண்டி தன் மக்காச்சோளக் காட்டில் பந்தைச் சுற்றி நாலு கம்பு நட்டு வைத்திருந்தார். வகுப்பு காலையிலா சாயங்காலமா என்று மட்டும் கேட்டார்.